வேறு வேறு மொழிக்காரர்களை ஒன்றாக உட்கார வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்கள் சேலம், ஏற்காடு பக்கம் இருக்கிறீர்களா?

கன்னங்குறிச்சி வாசி:

எல்லாருக்கும் வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். எம்.ஏ. ஆங்கிலம் படித்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். இப்போது வீட்டில்தான். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டதால் மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடி கட்டுகிறார்கள். பீகார், ஒடிசா குடும்பங்கள் அங்கேயே ஷெட் போட்டுத் தங்கியிருக்கின்றன. அதில் ஒரு பெண் மாத்திரை அட்டை, பேங்க் மெசேஜ், பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டீஸ் என்று எதையாவது எடுத்துக்கொண்டு என்னிடம் வருவாள். படித்துச் சொல்வேன். போன மாதம் அவளுக்குத் தெரிந்த தமிழில், “அக்கா, நீ படிக்க வேண்டாம். எனக்குப் படிக்கச் சொல்லிக் குடு” என்றாள். சரி வா என்றேன்.

அப்புறம் செய்தி பரவிவிட்டது. அவளோடு வேலை செய்கிறவர்கள், பக்கத்து அபார்ட்மெண்டில் இருக்கும் நேபாளத்து வாட்ச்மேன், ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற இரண்டு தம்பிகள், எனக்குத் துணி தைக்கிற அக்கா, அவருடைய நாத்தனார் (இந்த இருவரும் வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர்கள்) எல்லோரும் வருகிறோம் என்கிறார்கள். எனக்கு இந்தி வராது. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் உண்டு, பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இல்லை.

எந்த மொழியில் விளக்குவது? இப்படி நாலு மொழிக்காரர்களை ஒரே வகுப்பில் வைத்து நடத்த முடியுமா? வீட்டில் “சம்பளம் இல்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதே” என்கிறார்கள். இதைச் செய்கிறவர்கள் யாராவது இருந்தால், இதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று மனம் விட்டுச் சொல்லுங்கள்.

---

நாகலூர் டீச்சர்:

வணக்கம்மா. தாராளமாக ஆரம்பியுங்கள். நான் ஏற்காட்டில் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது சனி, ஞாயிறு சாயங்காலங்களில் ஒரு காப்பி எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவே பூட்டிக் கிடந்த ஒரு அறையைத் திறந்து பெரியவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் எடுத்ததை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த மலையின் மலையாளிப் பெண்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைக்க வேண்டாம். இவர்கள் சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள், பேசுவது தமிழ். சிலர் தோட்ட வேலை, சிலர் ஹோம்ஸ்டேகளில் ரூம் பார்க்கிறார்கள். அப்புறம் பழம் பறிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஜார்க்கண்ட் குடும்பங்கள், அசாமில் இருந்து ஒரு இளம் ஜோடி, ரிசார்ட்டில் சமைக்கிற நேபாளத்துக்காரர். மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்து பெயிண்ட் வேலைக்காக மலை ஏறி வரும் இலங்கைத் தமிழ்த் தம்பி ஒருவனும் உண்டு. இவர்களோடு எஸ்டேட் மேஸ்திரியும் வருகிறார்.

இந்த மேஸ்திரி வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று நன்றாக விளங்கியது. தோட்டத்தில் தமிழ் தெரிந்தவர் ஒரு படி மேலே. ஜார்க்கண்ட் ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் அரைகுறைத் தமிழில் பேசும்போது குழந்தை மாதிரித்தான் பார்க்கப்படுகிறார்கள். இந்த அறைக்குள் அந்தக் கணக்கு இல்லை. ஆங்கிலம் இங்கே யாருக்கும் சொந்தம் கிடையாது. மேஸ்திரி வாயைத் திறக்கத் தயங்குகிறார், அவரிடம் தினமும் திட்டு வாங்குகிற பையன் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிறான். இவரும் “தேங்க்யூ பா” என்கிறார். அந்த “பா”வை நான் திருத்த மாட்டேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். குடும்பத்தைப் பற்றிப் பேசும் பாடம். “மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ்” என்று ஆரம்பித்து ஒவ்வொருவரும் முடிக்க வேண்டும். முதலில் எழுந்த மலையாளி அக்கா “இஸ்” வரைக்கும் வந்து நின்றுவிட்டார். வார்த்தை மறந்துவிட்டதோ என்று பார்த்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். “டீச்சர், அவர் பேரை நான் எப்படிச் சொல்றது?” அடுத்த முறை ஜார்க்கண்ட் பெண்ணுடையது. அவளும் அதே இடத்தில் நின்று, அதே மாதிரி சேலைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள் பாருங்கள்! ஒரே தோட்டத்தில் ஒரே வரிசையில் பழம் பறித்தும் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாதவர்கள். நேபாளத்து அண்ணன் தன் அம்மாவும் கடைசி வரைக்கும் அப்பா பெயரைச் சொன்னதில்லை என்றார். அறை முழுக்கச் சிரிப்பு.

பாடம் அங்கேயே நின்றுவிடுமோ என்று பார்த்தேன். மலையாளி அக்காதான் வழி சொன்னார்: “சொல்லத்தானே கூடாது, எழுதினா தப்பில்லையே.” சிலேட்டை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டுத் தன் கணவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினார். பக்கத்தில் இருந்த ஜார்க்கண்ட் பெண் அதைக் கூட்டி உரக்கப் படித்தாள். அப்புறம் சிலேட்டு கை மாறியது, இவள் எழுத அவர் படித்தார். எழுதுவதற்கும் படிப்பதற்கும் இதை விட நல்ல பயிற்சியை எந்தப் புத்தகத்தில் இருந்தும் நான் எடுத்திருக்க முடியாது. இன்றைக்கும் புதிதாக யார் வந்தாலும் அந்த அக்காதான் சிலேட்டை எடுத்துக் கொடுத்து “எழுது, எழுது” என்பார்.

எந்த மொழியில் விளக்குவது என்று கேட்டிருந்தீர்கள். கூடிய மட்டும் எந்த மொழியிலும் விளக்காதீர்கள். பொருளைக் காட்டுங்கள், செய்து காட்டுங்கள், படம் போடுங்கள். இலக்கணத்துக்கும் இது போதும். தமிழ், இந்தி, ஒடியா, நேபாளி, அசாமியா, சௌராஷ்டிரா எல்லாவற்றிலும் வினை கடைசியில்தான் வரும். “நான் டீ குடிக்கிறேன்” என்று நாம் சொல்கிற அதே வரிசைதான் அவர்களுக்கும். அதனால் மூன்று பேரை வரிசையாக நிற்க வைப்பேன். ஒருவர் கையில் “ஐ” அட்டை, அடுத்தவர் கையில் “டீ”, கடைசியில் நிற்பவர் கையில் “டிரிங்க்”. எல்லோரும் அவரவர் மொழியில் ஒரு தரம் சொல்லிப் பார்ப்பார்கள், வரிசை சரியாக இருக்கும். இப்போது ஆங்கிலம் என்று சொல்லி, கடைசியில் நிற்பவரைத் தோளைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்துவேன். அவ்வளவுதான். நான் ஒரு வாக்கியம் பேசவில்லை, எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மூன்றாவது வாரத்தில் அவர்களே ஒருவரை ஒருவர் நடுவில் இழுத்து நிறுத்துகிறார்கள்.

தடுமாறும் இடங்களும் பெரும்பாலும் பொதுதான். நமக்கு “எனக்குப் பசிக்கிறது”. இந்திக்காரர்களும் நேபாளத்துக்காரர்களும் அதே மாதிரி “எனக்கு” என்றுதான் ஆரம்பிப்பார்கள். “ஐ ஆம் ஹங்ரி” என்றதும் எல்லோருக்கும் ஒரே திகைப்பு, நானே எப்படிப் பசியாவேன் என்று. “ஸ்கூல்” என்பதற்கு முன்னால் ஒரு “இ” சேர்ப்பது தமிழ்நாட்டிலும் உண்டு, பீகாரிலும் உண்டு. தனித்தனி சிக்கல்களும் இருக்கின்றன. அசாம் ஜோடிக்கு “ச்சேர்” என்பது “ஸேர்” ஆகிவிடும். எங்கள் மலையாளி அக்காக்களுக்கு மாமனாரை “ஹீ” என்று சொல்ல வாய் வரவே வராது, மரியாதைக் குறைவு என்று “தே” போட்டுப் பேசுவார்கள். “ஹீ” என்பதில் அவமரியாதை இல்லை, கலெக்டரையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று புரிய வைக்க வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் ஒரே நாளில் நேராக்க முயற்சி செய்ய வேண்டாம். பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுந்து திருத்தினால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், மறுவாரம் வர மாட்டார்கள்.

பாடத்துக்கு என்ன எடுத்துக்கொள்வது? அவர்கள் கையில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். “ஏ ஃபார் ஆப்பிள்” வேண்டவே வேண்டாம். முப்பது வயது ஆளைக் குழந்தைப் பாட்டுப் பாட வைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஜார்க்கண்ட் ஆட்கள் ஊருக்குப் போக ராஞ்சி, ரூர்கேலா வழியாகப் போகும் தன்பாத் – ஆலப்புழை எக்ஸ்பிரஸைச் சேலம் ஜங்ஷனில் பிடிப்பார்கள். டிக்கெட் மெசேஜ் ஆங்கிலத்தில் வரும். அதை வைத்தே பல வாரங்கள் ஓட்டினேன். பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணைச் சொல்லிப் பழகுவது, “சி.என்.எஃப்.” என்றால் இடம் உறுதி, “ஆர்.ஏ.சி.” என்றால் ஏறலாம், ஆனால் பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டும், “டபிள்யூ.எல்.” என்றால் இன்னும் இடம் இல்லை. “எல்.பி.”, “எம்.பி.”, “யு.பி.” என்று எழுத்தைக் காட்டி லோயர், மிடில், அப்பர் சொல்லும்போது மேலே, நடுவே, கீழே எல்லாம் தானாக வந்துவிட்டன. ஏஜெண்ட் சொன்னதை நம்பிக்கொண்டு ஸ்டேஷனில் நின்ற காலம் போய், இப்போது மெசேஜை அவர்களே படிக்கிறார்கள்.

மாத்திரைச் சீட்டும் அப்படித்தான். “ஓ.டி.” ஒரு வேளை, “பி.டி.” இரண்டு வேளை, “டி.டி.எஸ்.” மூன்று வேளை. அட்டையில் காலாவதியைக் குறிக்கும் “இ.எக்ஸ்.பி.” என்ற எழுத்துக்குப் பக்கத்தில் என்ன மாதம், என்ன வருஷம் என்று பார்ப்பது. இதை முதல் மாதத்திலேயே எடுத்துவிடுங்கள்.

எண்களில் எல்லோரும் வழுக்கும் இடம் “ஃபிஃப்டீன்”, “ஃபிஃப்டி”. எங்களுக்கு இது விளையாட்டு இல்லை, பறித்த பழத்தை எடை போட்டுத்தான் கூலி. சாயங்காலம் தராசுக்குப் பக்கத்தில் நிற்பது போல ஒருவர் எடையைச் சொல்ல, இன்னொருவர் காற்றில் விரலால் எண்ணை எழுதிக் காட்ட வேண்டும். “டீன்” என்று இழுத்தால் 15, “ஃபிஃப்” என்று முன்னால் அழுத்தினால் 50. தப்பாக எழுதினால் எடைக் கணக்கு எழுதும் ரைட்டராக உட்கார்ந்திருப்பவர் கூலியைக் குறைத்துவிடுவார், ஒரே கூச்சலாக இருக்கும்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர். அன்றிலிருந்து இந்தக் காப்பியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசியவர்கள் எல்லாம் துரைமார்களும் முதலாளிகளும்தான். காப்பி எப்படித் தயாராகிறது என்று டூரிஸ்டுக்கு விளக்குவது போல ஒரு பாடம் வைத்தேன். பறிப்பது, பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்குவது, தொட்டியில் ஊற விடுவது, கழுவுவது, களத்தில் காய வைப்பது. “பிக், பல்ப், சோக், வாஷ், ட்ரை” என்று ஐந்தே வினைகள். ஒரு மலையாளி அக்கா காய்ந்துவிட்டது என்று முடித்தார். ஜார்க்கண்ட்காரர் எழுந்து “நோ. நாட் ட்ரை” என்றார். அக்கா விடவில்லை, “ஃபுல் சன். ட்ரை.” அவர் கற்பனையாக ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் வைத்து, “யூ பைட். சாஃப்ட். நாட் ட்ரை.” அக்காவும் ஒன்றை எடுத்துக் கடித்து, “ஐ பைட். ஹார்ட்!” ஒருவருக்குத் தமிழ் வராது, இன்னொருவருக்கு இந்தி வராது. தங்களுக்கு நன்றாகத் தெரிந்த தொழிலைப் பற்றி இரண்டு பேர் சரிசமமாக நின்று சண்டை போடுகிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்களே, இதுதான்.

---

அம்மாபேட்டை நெசவு:

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது. நாங்களும் சௌராஷ்டிரா பேசுகிற குடும்பம், அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். அம்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார். வீட்டில் சௌராஷ்டிரா, தெருவில் தமிழ், தறி வைத்திருந்த பக்கத்து வீட்டு தேவாங்கர் அம்மாவோடு தெலுங்கு. மூன்று மொழியை யோசிக்காமல் மாற்றி மாற்றிப் பேசுவார். ஆனால் ஆங்கிலம் என்றால் மட்டும் “அதெல்லாம் படித்தவங்களுக்கு” என்று ஒதுங்கிவிடுவார்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா சாயங்கால வகுப்பு ஆரம்பித்தபோது அம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த அக்கா முதல் நாள் எல்லோரிடமும் என்னென்ன மொழி தெரியும் என்று மட்டும் கேட்டாராம். அம்மா மூன்று என்றதும், “எனக்கு இரண்டுதான் தெரியும்மா, நீங்க எனக்கு மேல” என்றாராம். அந்த ஒரு பேச்சில் அம்மா தைரியமாகிவிட்டார்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தையல் அக்காவையும் நாத்தனாரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். எங்கள் அம்மாவும் சித்தியும் சேர்ந்து உட்கார்ந்தால் வகுப்பு முழுக்க சௌராஷ்டிராவிலேயே ஓடிவிடும். பீகார் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒருவர், வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் ஒருவர் என்று மாற்றி விடுங்கள். அம்மா இப்போது பேரனின் ஸ்கூல் டைரியைத் தானே படித்துக் கையெழுத்துப் போடுகிறார்.

---

மொழி ஆர்வலன்:

ஜார்க்கண்ட் ஆட்கள் என்றதும் இந்திக்காரர்கள் என்று வைத்துக்கொள்கிறோம். அங்கிருந்து வருகிறவர்களில் பலருக்கு இந்தியே இரண்டாவது மொழிதான். சந்தாலி, முண்டாரி, ஹோ எல்லாம் ஆஸ்ட்ரோ ஆசிய மொழிக் குடும்பம். ஒராவுன் மக்கள் பேசும் குடுக் மொழியோ திராவிடக் குடும்பம், நம் தமிழுக்கு உறவு. குடுக்கில் “நான்” என்பது “ஏன்”, “நீ” என்பது “நீன்”. அதனால் டீச்சர் சொல்வது போல எதையும் இந்தியில் மொழிபெயர்க்காமல் செய்து காட்டுவதுதான் எல்லோருக்கும் நியாயம். இந்தியில் விளக்கினால் சந்தாலிக்காரர் இரண்டு தடவை மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாளே “வீட்டில் அம்மாவோடு என்ன மொழி பேசுவீர்கள்?” என்று கேளுங்கள். ‘இந்தி’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், இப்படிக் கேட்டால் தங்கள் மொழியின் பெயரைச் சொல்வார்கள்.

---

தமிழ் முதலில்:

நல்ல முயற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் வந்து வேலை செய்கிறவர்களுக்கு முதலில் தமிழ் எழுதப் படிக்கத்தானே சொல்லிக்கொடுக்க வேண்டும்? பஸ் போர்டு, ரேஷன் கடை, மளிகைக் கடை எல்லாம் தமிழ். ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு சேலத்தில் என்ன செய்வார்கள்? அந்த மலையாளிப் பெண்களுக்கும் தமிழ் எழுத்தறிவு முக்கியம் இல்லையா?

---

நாகலூர் டீச்சர்:

நியாயமான கேள்வி. தமிழ் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எங்கள் வகுப்பில் வயதான ஒரு மலையாளி அக்கா, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் சேர்ந்து தமிழ் எழுத்து கற்றுக்கொண்டுதான் என்னிடம் வந்தார். ஒரு மொழியில் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்கு இன்னொன்று சுலபம். எந்த எழுத்துமே தெரியாமல் வருகிறவர்களை நான் அவசரப்படுத்துவதில்லை. தன் பெயர், போன் எண், ஊர்ப் பெயர் இந்த மூன்றும் எழுத வந்தால் போதும் என்று நிறுத்தி, மற்ற நேரம் பேச்சுப் பயிற்சி மட்டும்தான்.

ஆனால் வெளி மாநிலத்துக்காரர்களின் விஷயம் வேறு. பேச்சுத் தமிழ் அவர்கள் காதிலேயே ஏறிவிடுகிறது. தோட்டத்தில், கடையில், பஸ்ஸில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்கிறார்கள். மாட்டிக்கொள்வது காகிதத்திலும் போன் திரையிலும்தான். பேங்க் மெசேஜ், ரயில் டிக்கெட், மருந்துச் சீட்டு, பணம் அனுப்புகிற ஆப் எல்லாம் ஆங்கிலம். அடுத்த வருஷம் இவர்கள் கேரளாவிலோ குஜராத்திலோ இருப்பார்கள். அங்கேயும் அதே மெசேஜ்தான் வரும்.

தமிழ் எழுத்தையும் விடவில்லை. வகுப்பு முடிந்ததும் மலையாளிப் பெண்கள் பஸ் போர்டு எழுத்துகளை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘சேலம்’, ‘ஏற்காடு’, ‘அடிவாரம்’, ‘நாகலூர்’. அந்த நேரத்தில் நான் வாயைத் திறப்பதே இல்லை. வாரம் முழுக்க மற்றவர்கள் சொல்வதைக் கேட்டே வேலை செய்த பெண்கள், சாக்பீஸைக் கையில் பிடித்து “இப்படிச் சுழி” என்று சொல்லித்தருவதைப் பார்க்க வேண்டும். நம் ‘ழ’வை ஜார்க்கண்ட் பிள்ளைகள் எத்தனை முயற்சி செய்து கொண்டுவருகிறார்கள் தெரியுமா!

மொழி ஆர்வலன் சொன்னதற்கும் நன்றி. உடனே கேட்டுப் பார்த்தேன். எங்கள் காப்பிச் சண்டைக்காரர் ஒராவுன்தான். வீட்டில் பேசுவது குடுக். “நீன்” என்று அவர் சொன்னதும் அந்த அக்கா அவரைத் தன் ஊர்க்காரர் மாதிரியே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார், கல்யாணத்துக்கு என்ன சமைப்பீர்கள், செத்தவர்களைப் புதைப்பீர்களா எரிப்பீர்களா என்று. ஆங்கிலமும் தமிழும் கையும் கலந்து வெகுநேரம் பேசினார்கள். அன்றைக்கு நான் தயாரித்துக்கொண்டு போன பாடத்தைத் தொடவே இல்லை.

---

கன்னங்குறிச்சி வாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், அட்டை பிடித்து நிற்கிற வித்தையை நேற்றே என் மகளை வைத்துச் செய்து பார்த்தேன். வீட்டில் இவரிடம் உங்கள் பதிலைப் படிக்கக் கொடுத்தேன். “சரி, மாடியில் ஷீட் போட்ட இடத்தை ஒழித்துத் தருகிறேன்” என்று சொல்லிவிட்டார்.

இரண்டு சந்தேகம். முதல் வகுப்புக்கு என்ன வைத்துக்கொள்வது? அப்புறம், இவர்கள் கட்டட வேலை முடிந்தால் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். பாதியில் போகிறவர்களை வைத்துக்கொண்டு எப்படித் திட்டம் போடுவது? உங்களுக்கும் சீசன் உண்டே, என்ன செய்கிறீர்கள்?

---

நாகலூர் டீச்சர்:

மாடி கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்மா. முதல் வகுப்புக்கு ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆங்கிலம் எழுதியிருந்து அவர்களால் படிக்க முடியாமல் போன ஏதாவது ஒன்று. மாத்திரை அட்டை, சிமெண்ட் சாக்கு, ரீசார்ஜ் மெசேஜ், எதுவானாலும் சரி. நடுவில் பரப்பி வையுங்கள். அன்றைக்கு ஒவ்வொருவரும் தன் பொருளில் இருந்து ஒரே ஒரு வார்த்தையைப் படித்துவிட்டுப் போகட்டும். அடுத்த சில வாரங்களுக்கான பாடம் அங்கேயே கிடைத்துவிடும்.

பாதியில் போகிறவர்களைப் பற்றி: நீளத் திட்டம் போடவே போடாதீர்கள். ஒவ்வொரு வகுப்பும் அன்றைக்கே முடிகிற மாதிரி இருக்கட்டும், வந்தவர் அன்று ஒன்றைக் கையில் கொண்டு போகட்டும். எங்களுக்கு நவம்பரில் இருந்து பிப்ரவரி வரைக்கும் பழம் பறிப்பு. ஆட்கள் களைத்துப்போய் வருவார்கள், அந்த மாதங்களில் எழுத்து வேலையே வைக்காமல் பேச்சு மட்டும்தான். மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கும் கோடை விழாக் கூட்டத்துக்கும் வகுப்பை விட்டுவிடுவோம். மற்ற நாட்களிலும் இருட்டுவதற்கு முன்னால் முடித்துவிடுகிறேன். காட்டெருமை ரோட்டுக்கு வந்துவிடும், எல்லோரும் டார்ச் வைத்துக்கொண்டு கூட்டமாகத்தான் லைனுக்குத் திரும்ப வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஊருக்குப் போனவர்கள் போனில் குரல் பதிவு அனுப்புவார்கள். அவர்களைக் குழுவில் இருந்து நீக்காதீர்கள். எங்களிடம் படித்துப் போன ஒரு பெண் இப்போது தன் ஊரில் இருந்து வாரா வாரம் ஒரு கேள்வி அனுப்புகிறாள், இங்கே இருக்கிறவர்கள் பதில் சொல்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை சேலத்துக்கு இறங்கி வருகிறேன், கோரிமேட்டில் ஒரு வேலை இருக்கிறது. என்னிடம் இரண்டு செட் அட்டைகள் இருக்கின்றன, ரயில் டிக்கெட் பாடத்தின் நகலும் இருக்கிறது. வேண்டுமானால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். சிலேட்டு மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒன்று.